பொய்ப்பூ

“பொய்ப்பூவத்தானேடி பறிச்சேன், காய்க்கிற பூவையா நான்…”

“அதைத்தான் அத்த பறிக்கக்கூடாது, அது இல்லன்னா மத்தது…”

“…தொட்டேன்? ஒண்ணத் தொட்டேனா? நீயே பாத்துக்கோ, பிஞ்சு வெச்ச பூ அத்தினியும் அப்படியே கீது.”

“…மத்தது இருந்தும் பிரயோஜனம் இல்ல. நான் சொல்றத ஒரு நிமிஷம்…”

“காய்க்காத பூ செடில இருந்தா இன்னா, மாதா கால்ல கெடந்தா இன்னா?”

அதோடு மாடியில் பேச்சு நின்றுவிட்டது.

எல்சி அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே ஏறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கையில் இருந்த எவர்சில்வர் தட்டு காலி. பூவையெல்லாம் விடிந்ததுமே தெருமுனைக் குருசடியில் மாதா பாதத்தில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இட்லி ஆறுது என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு மருமகளைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

ஷைனி கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

காலடிப்பேட்டையில் அந்த மாடிக்கு ஏழரை மணிக்கே வெயில் வந்துவிடும். ஆனால் நேராக விழாது. வடக்கே நிற்கிற புகைக்கூண்டுகளின் சாம்பல் வானத்தில் மெல்லிய வலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் அதில் வடிந்து, பால் அதிகமான டீ நிறத்தில் கீழே இறங்கும். அந்த வெளிச்சத்தில் வெள்ளரி இலைகள் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தன. மாமனார் யேசுதாஸ் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து தேடிக் கொண்டுவந்த இரும்பு டிரம்களைப் பாதியாக அறுத்து நாலு தொட்டி. அதிலிருந்து கிளம்பிய கொடிகள் பழைய கப்பல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்வரை ஏறியிருந்தன. அசையாமல் நின்றால் பற்றுக்கம்பி ஒன்று ஷைனியின் தலைமுடியையும் கயிறு என்று நினைத்துச் சுற்றப் பார்க்கும். ஒருநாள் அப்படிச் சுற்றியும் இருக்கிறது.

இன்றைக்கு ஏழு பெண் பூ விரிந்திருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் சுண்டுவிரல் நகமளவுக்கு, மெல்லிய முள்ளோடு ஒரு பிஞ்சு. ஏழும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

வெள்ளரிப் பூவுக்கு ஆயுசு ஒரே நாள். காலையில் விரியும், சாயங்காலம் சுருங்கும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இந்தத் தெருவில் தேனீயைப் பார்த்து ரெண்டு வருஷமாயிற்று என்பார் யேசுதாஸ். அதனால் தேனீயின் வேலையையும் ஷைனியே செய்தாள். தினமும் காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டை ஒவ்வொரு பெண் பூவிலும் மெல்லத் தொட்டு எடுப்பாள்.

இன்றைக்குத் தொட்டு எடுக்க ஓர் ஆண் பூகூட இல்லை. வெறும் காம்போடு, பின்னால் பிஞ்சில்லாமல் பூக்கிற பூவுக்கு இந்தப் பக்கத்தில் பேரே பொய்ப்பூ. அதில் ஒன்றைக்கூட விடவில்லை எல்சி.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷைனிக்கும் ஜெரிக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ஜெரி சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் கப்பலேறினான். ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு நீலக் கவர் வந்தது. அதில் ரெண்டு தாள். ஷைனியின் தாளில் எல்லாம் சரி. ஜெரியின் தாளில் சரியில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. துறைமுகத்து வாசலில் பையைத் தோளில் மாட்டும்போது மட்டும் சொன்னான்: “அம்மாவுக்குத் தெரிய வேணாம் ஷைனி. நான் திரும்பி வந்து நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு.”

சொன்னாள். நீலக் கவர் அன்றிலிருந்து அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது.

கீழே சமையலறையில் எல்சி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேற்றுப் பறித்த நாலு காய். காம்புப் பக்கத்தில் ஒரு வில்லை வெட்டி, அந்த வில்லையாலேயே வெட்டின இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். வெள்ளையாய் நுரை திரண்டு வந்தது. இப்படித் தேய்த்தால் கசப்பு வெளியே வந்துவிடும் என்பது அவள் கட்சி. கசப்பு, செடிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஊற்றாததால் வருவது, காம்புப் பக்கம் ஒரு அங்குலம் தள்ளிவிட்டுத் தோலைச் சீவினால் போதும் என்பது ஷைனியின் கட்சி. வேறொரு நாளாக இருந்தால் இதிலேயே பத்து நிமிஷம் ஓடியிருக்கும். இன்றைக்கு ஷைனி படியிறங்கி வந்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். எல்சி வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் மேடையில் கண்ணாடி ஜாடி நின்றது. ஜெரிக்காகப் போட்டது. அவன் கப்பலில் சமைக்கிற வெளிநாட்டுக்காரர் எண்ணெயில்லாமல், மிளகாய்த்தூள் இல்லாமல், வெறும் உப்புத் தண்ணீரில் முழு வெள்ளரியை ஊறப்போடுவாராம். கடித்தால் முறுக்கென்று உடைந்து, புளிப்பு மண்டைக்கு ஏறுமாம். போன மாதம் போனில் அவன் ஆசையாகச் சொன்னது அது ஒன்றைப் பற்றித்தான். அதனால் ஷைனி குட்டிக் காயாகப் பார்த்து எடுத்து, பூ விழுந்த நுனியை மட்டும் மெல்லிசாகச் சீவி, லிட்டருக்கு மூணு கரண்டி கல்லுப்பு என்று கரைத்து, பூண்டும் மிளகும் ரெண்டு கொய்யா இலையும் போட்டு, காய் மேலே மிதக்காமல் கழுவின கருங்கல் ஒன்றை வைத்து மூடியிருந்தாள். இது அஞ்சாம் நாள். கரும்பச்சைக் காய்கள் ஆலிவ் நிறத்துக்கு வந்திருந்தன. தண்ணீர் கலங்கியிருந்தது. சின்னச் சின்னக் குமிழிகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், யாரோ உள்ளே மூச்சு விடுவது போல மேலே வந்துகொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகப் போய்ச் சுவரில் ஒரு பச்சைக் கறையாக ஆடியது.

அது ஊசிப்போய்விட்டது, கழனித் தண்ணி மாதிரி கலீஜா கீது, கொட்டிவிடலாம் என்று எல்சி ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஷைனியின் கண் ஜாடியைத் தாண்டி ஃபிரிட்ஜ் கதவில் நின்றது. காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுத்தாள். கோயிலில் கொடுக்கிற பூசைக் கருத்துச் சீட்டு. எல்சியின் குண்டு குண்டான எழுத்து.

ஷைனிக்குக் குழந்தை வரம் வேண்டி.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவிழாப் பூசை. பூசை தொடங்குமுன் சாமியார் ஒவ்வொரு சீட்டாக மைக்கில் படிப்பார். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் உடல் சுகத்துக்காக. மாதா திருவிழா என்பதால் ஊரே இருக்கும். ராயபுரத்திலிருந்து ஜெரியின் சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு எல்லாம் வருகிறது. அத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒரு பெயர் ஒலிபெருக்கியில் போகும். முன் வரிசைகள் திரும்பிப் பார்க்கும்.

இரண்டு நாளாக இதற்காகத்தான் ஷைனிக்குத் தூக்கமில்லை. சீட்டைக் கொடுக்கவே வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

“அத்த, ரெண்டு பேர் பேரையும் எழுதுங்களேன்.”

எல்சி கத்தியை நிறுத்தினாள். “யாரு பேரு?”

“ஜெரி, ஷைனின்னு.”

“அவன் பேரு இன்னாத்துக்கு? அவனுக்கு இன்னா?”

பதில் நாக்கின் நுனிவரை வந்தது. ஷைனி ஜாடியை ஜன்னல் மேடையில் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.

எல்சிக்கு இதில் கள்ளமில்லை. அவளுக்கே கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் ஜெரி பிறந்தான். அப்போது மூன்று வருஷம் திருவிழாவுக்குத் திருவிழா அவள் பெயரைப் படித்தார்கள். எல்சிக்குக் குழந்தை வரம் வேண்டி. மூன்று தடவையும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாலாம் வருஷம் ஜெரியைத் தூக்கிக்கொண்டு போய் மாதாவுக்கு வெள்ளித் தொட்டில் கட்டினாள். எது பலித்ததோ அதை அப்படியே, ஓர் எழுத்து மாறாமல் செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். இதையெல்லாம் இன்னொரு தடவை, காய் நறுக்குகிற தாளத்திலேயே, சொல்லி முடித்தாள்.

ஷைனி கேட்டாள்: “மாமா பேரச் சேத்தாங்களா அப்போ?”

“ஆம்பள பேர யாருடி சேப்பாங்க.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த யேசுதாஸ் தலையைத் தூக்கினார். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். இரும்புச் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. தன் பெயர் அடிபட்டது மட்டும் தெரிந்து, “இன்னா, காபியா? குடு,” என்றார்.

அஞ்சு மணிக்குள் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்றாள் எல்சி. ஷைனி மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால்.

மாடியில் ஏழு பூ காத்துக்கொண்டிருந்தது.

ஷைனி துணிப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருவில் பாதிப் பேர் காவி உடுத்தியிருந்தார்கள். திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு மாதா கோயிலுக்கு நடந்துபோய் வந்தவர்கள், கால் வீங்கி, வாசற்படியில் உட்கார்ந்து பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமுவது, தரைக்கடியில் யாரோ குறட்டை விடுவது போலக் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது சத்தமே இல்லை. நின்றுபோனால்தான் திடுக்கிடும்.

குருசடியில் யாரும் இல்லை. நீலமும் வெள்ளையுமாய் ஓடு பதித்த சின்ன மாடத்துக்குள் மாதா. ரோஜாவும் சம்பங்கியும் ஜரிகையும் கழுத்துக் கொள்ளாமல் கிடந்தன. பாதத்தில் மட்டும் ஒரு குத்து மஞ்சள். காய்க்காத வெள்ளரிப் பூ. மாடத்தின் நிழல் குளிர்ச்சியில் வாடாமல், காலையில் பறித்த ஈரத்தோடு இருந்தது.

மாதா பாதத்தில் வைத்த பூவை எடுக்கலாமா என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. வைக்கத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். மெழுகுவத்தி ஒன்று தானாகச் சாய்ந்து அணைந்தது. அதன் புகை நூலாக எழுந்து மாதாவின் முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. புகைக்குப் பின்னால் அந்த முகம் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

“மூணு போதும்,” என்றாள் ஷைனி, மெதுவாக. “கைமாத்துன்னு நெனைக்காதீங்க. திருப்பித் தர மாட்டேன்.”

மூன்று பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வீடுவரை கையைத் திறக்கவில்லை. விரல்களுக்குள் ஏதோ உயிருள்ள பூச்சி இருப்பது போல ஒரு கூச்சம்.

மாடியில் இதழ்களை உரித்தாள். நடுத்தண்டில் மஞ்சள் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. முதல் பூவில் தொட்டாள். ரெண்டாவதில். கொடிக்குப் பின்னால் கடல் தெரியாது, ஆனால் கடல் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்துக்குள் எங்கோ ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் ஜெரி வியர்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். இந்தப் பற்றுக்கம்பி இப்படியே நீண்டு நீண்டு, சுவரைத் தாண்டி, அலைதடுப்புக் கற்களைத் தாண்டி, உப்புத் தண்ணீர் மேல் போய், ஒருநாள் அந்தக் கப்பலின் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும். பிடித்துக்கொண்டு இழுக்காது. சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். ஏழாவது பூவைத் தொட்டபோது தானும் கொஞ்சம் ஆடுவது போல இருந்தது, தரைக்குப் பதில் கப்பலின் தளத்தில் நிற்கிறவள் மாதிரி.

போன் மணியடித்தது. மாடித்தோட்ட வாட்சாப் குழுவில் செய்தி.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று எழுபது வீட்டுப் பெண்கள் இருக்கிற குழு அது. மூணு மாதமாக வெள்ளரிக்காய்க் கேள்வி எது வந்தாலும் ஷைனிதான் பதில் சொல்லுவாள். எழுதிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. குரலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். எழுபது பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண் யேசுதாஸ். யாருக்காவது டிரம் வேண்டுமென்றால் சாத்தாங்காட்டில் விசாரித்துச் சொல்கிற உத்தியோகம் அவருடையது.

வியாசர்பாடி செங்கொடி கேட்டிருந்தாள், அஞ்சு நாள் ஊறப்போட்ட தண்ணி கலங்கிப்போச்சு, மேல வெள்ளையா ஆடை கட்டுது, கொட்டிடட்டுமா என்று. ஷைனி பேசினாள். ஆடையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, காயை மறுபடி தண்ணிக்குள் அமுக்கிவிடு, கொட்டாதே. நாற்றமடித்தாலோ காய் கொழகொழ என்றானாலோதான் கொட்ட வேண்டும். “கலங்கினா கெட்டுப்போச்சுன்னு இல்லக்கா. உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம்.”

அடுத்தது புளியந்தோப்பு நவ்ரீன். புதிதாகச் செடி வைத்த பெண். செடி பூரா பூ பூக்குது, ஒரு காய் நிக்கல, பிஞ்சு வந்தாலும் கொட்டிப்போவுது, என் செடியே மலடா அக்கா என்று கேட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

ஷைனி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பொத்தானை அமுக்கினாள்.

“நவ்ரீன், முதல்ல பூக்குறது எல்லாம் ஆம்பளப் பூ. பின்னால பிஞ்சு இருக்காது, வெறும் காம்புதான். அதத்தான் நாம பொய்ப்பூன்னு சொல்லிப் பறிச்சிடறோம். பறிக்காத. பொம்பளப் பூ பின்னால குட்டியா ஒரு பிஞ்சு ஒட்டிக்கினு இருக்கும். ஆம்பளப் பூவுலேர்ந்து தூள் வந்து சேரலன்னா அந்தப் பிஞ்சு மஞ்சளாயி விழுந்துடும். விழறது பொம்பளப் பூவோட பிஞ்சு. அதனால பாக்குறவங்களுக்குக் குறை அவகிட்டன்னுதான் தோணும். ஆனா…”

கயிற்றில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அது போகும்வரை ஷைனி பேசவில்லை. விரல் மட்டும் பொத்தான் மேலேயே இருந்தது.

“ஆனா அவகிட்ட ஒரு குறையும் இல்ல. அவ எல்லாத்துக்கும் தயாராத்தான் இருக்கா. வரவேண்டியது வரல. அத வெளிய சொல்லவும் முடியாது அவளால. அவ்ளோதான்.”

விரலை எடுத்தாள். போய்விட்டது.

அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் எந்த இடத்தில் அதை விட்டுவிட்டுத் தன் கதைக்கு மாறினாள்? அழித்துவிடலாம். எல்லாருக்கும் அழி என்று ஒன்று உண்டே. அதைத் தேடி விரல் தடுமாறுவதற்குள் கீழே கூடத்திலிருந்து அவளுடைய குரலே, கோயில் ஒலிபெருக்கி மாதிரி, படியேறி வந்தது. யேசுதாஸ் எப்போதும் போனை முழுச் சத்தத்தில்தான் வைப்பார்.

…அவ எல்லாத்துக்கும் தயாராத்தான் இருக்கா. வரவேண்டியது வரல…

சமையலறையில் கத்தி பலகையில் படுகிற சத்தம் நின்றது.

“மறுபடி போடுங்க,” என்றது எல்சியின் குரல்.

“இன்னா?”

“அத மறுபடி போடுங்க.”

போட்டார். முடிந்தது. மூணாவது தடவை யாரும் கேட்காமலே அவர் போட்டார். பிறகு பேப்பர் மடிக்கிற சத்தம்.

ஷைனி மத்தியானம்வரை கீழே இறங்கவில்லை. இறங்கியபோது எல்சி மீன் குழம்பும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் பரிமாறினாள். பச்சடியில் தயிர் நீர்த்துவிடாமல், காயை உப்புப் போட்டுப் பிழிந்து, அளவாகச் சேர்த்திருந்தாள். மூணு பேரும் சாப்பிட்டார்கள். எல்சி மருமகள் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். வேண்டாம் என்றதற்கு, தின்னு என்றாள். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு ஜெரி வீடியோவில் கூப்பிட்டான். எந்தத் துறைமுகமோ, பின்னால் வெள்ளையாய் ஒரே வானம். படம் அடிக்கடி உறைந்து, அவன் வாய் திறந்தபடியே நின்று, பிறகு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து விழுந்தது. ஷைனி மாடிக்குப் போய்ப் பேசினாள். ஏழு பூவும் மெல்லச் சுருங்க ஆரம்பித்திருந்தன. பிஞ்சு நிற்குமா விழுமா என்று நாளைக்கோ மறுநாளோதான் தெரியும்.

ஊறுகாய் எப்படி இருக்கு என்று கேட்டான். தண்ணி கலங்கியிருக்கு, நல்லாத்தான் வருது, நீ மூணு வாரத்தில் வரும்போது சரியாயிருக்கும் என்றாள்.

படம் உறைந்தது. திரும்ப வந்தபோது அவன் கண் கேமராவில் இல்லை.

“ஷைனி, கம்பெனில இன்னும் நாலு மாசம் இருக்க முடியுமான்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னுட்டேன்.”

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு சாயங்காலம் கோயிலில் தன் பெயரைப் படிக்கப்போகிறார்கள் என்றாள். தெரியும், அம்மா சொன்னாங்க என்றான் அவன். தெரியுமா என்றாள். அம்மாவின் திருப்திக்காகத்தானே, ஒரு நிமிஷ விஷயம், காதில் வாங்காமல் இருந்துவிடேன் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் பார்த்தாள். எட்டு மாதத்தில் ஆளே பாதியாகியிருந்தான். ஆனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதைவிட நாலு மாதம் எஞ்சின் சூட்டில் வேகுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

“நானே வந்து சொல்றேன்னு சொல்லிக்கீறேன் இல்ல,” என்றான். “அதுவரைக்கும் நீ…”

படம் உறைந்தது. இந்தத் தடவை திரும்ப வரவில்லை.

ஷைனி போனை டிரம்மின் விளிம்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்து, கொடியின் நிழல் அவள் மடியில் விழுந்திருந்தது. நிழலிலும் பற்றுக்கம்பிகள் சுருள் சுருளாக இருந்தன. இலைகளில் காலையிலிருந்து படிந்த சாம்பல், யாரோ அவள் கொடிக்கு மட்டும் பவுடர் போட்டுவிட்டுப் போனது போல. மேகம் ஒன்று மேற்கே கட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால மழை வந்தால் சாம்பல் கரையும். பூசைக்குப் போகிறவர்கள் நனைவார்கள். தன் பெயரைப் படிக்கும்போது இடி இடித்து, மைக் அணைந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சிறுபிள்ளைத்தனமாக ஆசைப்பட்டாள்.

படியில் காலடி கேட்டது. எல்சி ஏறி வருகிறாள் என்பது ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்து நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

கோயிலுக்குப் போகிற வெண்பட்டுப் புடவை கட்டியிருந்தாள். மணி நாலே முக்கால். ஒரு கையில் சின்னத் தட்டு. அதில் ஜாடியிலிருந்து எடுத்த ஒரு வெள்ளரி, பாதி கடித்தது.

ஷைனிக்கு எதிரே, புடவை கசங்குமே என்று பார்க்காமல், எல்சி தரையில் உட்கார்ந்தாள். தட்டை நடுவில் வைத்தாள்.

“புளிப்பாத்தான் கீது. கெட்டுப்போவல.”

ஷைனி தலையை மட்டும் அசைத்தாள்.

எல்சி கொடியைப் பார்த்தாள். சுருங்கிக்கொண்டிருந்த ஏழு பூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் பின்னால் இருந்த பிஞ்சை விரல் நுனியால், தொட்டும் தொடாமலும், தடவினாள். அவள் உதடு அசைந்தது. ஜெபமா, கணக்கா, இல்லை மூன்று திருவிழாக்களில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் பேசினாளா, தெரியவில்லை. கீழே யேசுதாஸ் தண்ணி மோட்டாரைப் போடுகிற சத்தம் கேட்டது. எல்சி அந்தச் சத்தம் வந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷத்தில் இதுவரை பார்க்காத ஒரு பார்வை.

பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காலையில் ஃபிரிட்ஜில் இருந்தது இல்லை. புதுச் சீட்டு. மடியில் வைத்து நீவினாள். மேல் வரி காலியாக இருந்தது. அதற்குக் கீழே குண்டு குண்டான எழுத்தில் குழந்தை வரம் வேண்டி என்று மட்டும் எழுதியிருந்தது.

பேனாவின் மூடியைக் கழற்றினாள். மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள்.

“யாரு பேர எழுதட்டும், ஷைனி?”